ஓசி

கொழிஞ்சாம்பாறையில் ஏப்ரல்.
ஃபேன் வெந்நீர்போல் காற்றை ஊற்றுகிறது.
எவர்சில்வர் தட்டைக் கவிழ்த்து
அதன்மேல் மடிக்கணினி,
அதற்குள் பத்தாயிரம் பாக்டீரியா.

நிஜமானவை கஞ்சிக்கோட்டில்,
பிரிஜிதாவின் இன்குபேட்டரில், முப்பத்தேழு டிகிரியில்.
வெளியே நாற்பத்தொன்று.
அவை நம்மைவிட வசதியாக இருக்கின்றன.

எதற்கும் தனியாக வெளிச்சம் வராது.
ஒவ்வொன்றும் ஒரு மூலக்கூறைக் கசியவிடும்.
'இருக்கிறேன்' என்பதற்கு மேல்
அதில் ஒரு சேதியும் இல்லை.
கசிந்தது சேர்ந்து சேர்ந்து
ஓர் அளவைத் தாண்டும்போது
தட்டு முழுக்க ஒன்றாகப் பச்சை பிடிக்கும்.
அந்த அளவுக்கு நோட்டில் க என்று எழுதிவைத்தேன்.
க எவ்வளவு என்று சொல்லத்தான் எனக்குச் சம்பளம்.

நேற்றுவரை திரையில் அழகாகக் கூடின.
பிரிஜிதா அனுப்பிய படத்தில்
ஓரமாக ஒரு கறுப்புப் பிறை.
"சத்திட்டில்லடோ, நல்லோணம் தின்னுன்னுண்டு"
என்றது அவள் குரல் செய்தி.

சாகவில்லை. தின்கின்றன.
கசியும் மரபணுவை எங்கோ தொலைத்துவிட்டு
பக்கத்துச் செல்லின் கசிவில் பெருத்தவை.
தேர்வடத்தைத் தொட்டபடியே
இழுக்காமல் நடந்து வருகிறவனைப் போல.
நிரலில் அவற்றுக்கு ஓசி என்று பெயர் வைத்தேன்.
பிறகு ஒரு வரி சேர்த்தேன்:
எல்லாச் செல்லுக்குள்ளும் ஒரு சொட்டு விஷம்.
மாற்றுமருந்தைக் கசியும் மரபணுவோடு
முடிச்சுப் போட்டாயிற்று.
ஒன்றைத் தொலைத்தால் இன்னொன்றும் போகும்.

கணக்கு முடிய ஒன்பது மணி நேரம் என்றது திரை.

சாலையில் சத்தம்.
பதினோரு நாளாகக் குழாயில் தண்ணீர் இல்லை.
மதலை மேரி காலிக் குடத்தோடு போய்
நடுரோட்டில் உட்கார்ந்தாள்.
தனியாக.
கோயம்புத்தூர் பஸ் அவள் முகத்துக்கு நேரே
ஹாரன் அடித்தது.

ஜன்னலிலிருந்து எண்ணினேன். தொழில் புத்தி.
ஐந்து நிமிடத்துக்கு ஒன்று.
பிறகு மூன்று.
ஒருத்திக்கு அடுப்பில் உலை, மறுபடி இரண்டு.
ஏழு.
நாற்பது சேராமல் சாலை அடையாது என்று போட்டிருந்தேன்.
பத்தொன்பதில் அடைந்துவிட்டது.
வைக்கோல் லாரி, பால் வண்டி,
கல்யாண வேனில் வியர்க்கும் மாப்பிள்ளை.
அதிகாரி மலையாளத்தில் சுருக்கமாகச் சொன்னதை
வார்டு மெம்பர் தமிழில் நீட்டினார்.

யாரோ நிமிர்ந்து பார்த்துக் கூப்பிட்டார்கள்:
"டீச்சரே, நீங்களும் எறங்கி வாங்க."
மீட்டிங் இருக்கிறது என்றேன்.
இல்லை.

இரவு இரண்டரைக்குக் குழாய் இருமியது.
முதலில் காற்று, அப்புறம் துரு,
அப்புறம் தண்ணீர்.
நாலு குடம் பிடித்தேன், ஒரு வாளி.
தலையில் ஒரு செம்பு ஊற்றிக்கொண்டு
நின்றேன் கொஞ்ச நேரம்.

திரையில் கணக்கு முடிந்திருந்தது.
தட்டு முழுக்கப் பச்சை. பிறை இல்லை.
ஓசி: பூஜ்யம்.

அந்த வரியை நீக்க
எந்த நியாயமான காரணமும் இல்லை.
பிரிஜிதாவுக்கு அனுப்பினேன்.
கட்டைவிரல் ஒன்று உடனே வந்தது,
அவளும் தூங்கவில்லை போல.

நோட்டை மூடும்போதுதான் உறைத்தது,
தமிழ் எண்ணில் க என்றால் ஒன்று.

மதலை மேரியின் வீடு மேட்டில்.
அழுத்தம் போதாது, முதல் நாள் தண்ணீர்
அங்கே ஏறுவதில்லை.
இது எனக்குத் தெரியும்,
இந்தத் தெருவுக்கே தெரியும்.

குடங்களை மறுபடி எண்ணினேன். நாலு.
மேட்டில் ஒரு விளக்கு
தனியாக எரிந்துகொண்டிருந்தது.